ஒரு வட்டம் தள்ளி

“ஏம்மா, சாவி எங்கேயாவது நன்றி சொல்லுமா?” என்று வாத்தியார் கேட்டதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

மாதிரித் தேர்வில் வந்த ஆங்கிலப் பத்தி ஒன்றும் அவ்வளவு கஷ்டமானது இல்லை. குழாய் பழுதுபார்க்க வந்தவர்கள் குடியிருந்தவர்களிடம் சாவிகளை வாங்கினார்கள். வேலை முடிந்ததும் ‘தே’, அதாவது ‘அவர்கள்’, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ‘தே’ யார்? குழாய்கள், வந்தவர்கள், சாவிகள், குடியிருந்தவர்கள் என்று நான்கு விடைகள். அந்தப் பெண் சாவிகளுக்கு நேரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தாள்.

“பத்துக்குப் பூஜ்யம். கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினாக்கூட ரெண்டு சரியா விழும். நீ மட்டும் எப்படிம்மா பத்தையும் தப்பா போடறே?”

அவள் வழக்கம்போல வலது காதை அவர் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். இடது காது கேட்காது. கல்யாணமான கையோடு கணவனுடன் இருந்த ஒரே ஒரு மாதத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து அது போய்விட்டதாக, அவளைச் சேர்க்க வந்தபோதே கொழுந்தன் சொல்லியிருந்தான்.

கணவனுக்கு வெளிநாட்டில் வேலை. இந்த ஆங்கிலப் பரீட்சை தேறினால்தான் அவள் அங்கே போக முடியும். மற்ற பகுதிகளிலெல்லாம் நல்ல மார்க்தான் வாங்குகிறாள். ‘ஹி’ யார், ‘இட்’ எது என்று கேட்கும் பத்துக் கேள்விகளில் குறைந்தது நான்கு சரியாக இருக்க வேண்டும். அங்கேதான் இதுவரை எழுதிய மூன்று தடவையும் ஊற்றிக்கொண்டது.

வாத்தியாருக்கு இது மானப் பிரச்சினை. ஒவ்வொரு ‘ஹி’யிலிருந்தும் அதன் சொந்தக்காரன் வரைக்கும் பென்சிலால் கோடு இழுக்கச் சொல்லித் தருவது அவர் முறை. ‘கோடு வாத்தியார்’ என்றே அவருக்குப் பெயர்.

அன்று வகுப்பு முடிந்ததும் கொழுந்தன் உள்ளே வந்தான். “சார், இந்தத் தடவையும் அண்ணி கோட்டை விட்டாங்கன்னா அத்து விட்டுடுவேன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அவரும் எத்தனை நாளைக்குத்தான் தனியா சமைச்சுச் சாப்பிடுவாரு?”

அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன. வாத்தியார் இந்தப் பெண்ணை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

நிஜப் பரீட்சை அவருடைய கூடத்திலேயேதான் நடந்தது, மேற்பார்வையும் அவரேதான். எல்லோரும் போன பிறகு தாள்களை உறையில் வைக்கும்போது மனசு கேட்காமல் அவளுடைய கேள்வித்தாளைப் புரட்டினார்.

கோடுகள் பத்தும் சரி. ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. அவசரமாக விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். ‘ஏ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பி’, ‘பி’க்கு ‘சி’, ‘சி’க்கு ‘டி’. எல்லாமே ஒரு வட்டம் தள்ளி.

“அடப் பாவமே, எல்லாம் தெரிஞ்சும் கை தவறிப் போகுதே” என்று வாய்விட்டே சொன்னார். ‘டி’ வரவேண்டிய இடத்தில் மட்டும் அது சுற்றிக்கொண்டு ‘ஏ’வுக்கு வந்திருந்தது. அது கொஞ்சம் இடித்தது. பதற்றத்தில் என்னதான் நடக்காது என்று விட்டுவிட்டார்.

முப்பது வருஷமாக யாருக்கும் அரை மார்க்கூடத் தானம் செய்யாத மனுஷன் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். ரப்பரை எடுத்துப் பத்து வட்டங்களையும் அழித்தார். சரியான வட்டங்களை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கினார். ஒரு குடும்பம் வாழட்டுமே என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. கொழுந்தன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். “பத்துக்குப் பத்து சார். அண்ணன் டிக்கெட்டே போட்டுட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை பிளைட்டு.”

சொல்லிவிட்டுக் காரைத் திருப்பப் போனான். அவள் மட்டும் மார்க் தாளைப் பிடித்தபடி நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“இது என் மார்க் இல்ல சார்.”

வாத்தியார் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அவள் வலது காதைத் திருப்பினாள். “என்ன சார் சொன்னீங்க?”

“உன் மார்க்குதாம்மா. கோடெல்லாம் சரியாத்தான் போட்டிருந்தே. வட்டம்தான் தள்ளித் தள்ளி விழுந்திருந்தது. நான் அதை நேராக்கி வச்சேன். வெளியில மூச்சு விட்டுடாதே.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“பத்தும் தப்பா வரணும்னா பத்துக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணும் சார். போகமாட்டேன்னு சொன்னா ஏன்னு கேட்டுக் குடைவாங்க. பெயிலானா யாரும் கேக்க மாட்டாங்க.”

வாசலில் கார் ஹாரன் அடித்தது. வாத்தியாருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “கட்டின புருஷன்கிட்டப் போறதுக்கு ஏம்மா பயப்படறே?”

அவள் எழுந்தாள். கேட்காத காதைப் பொத்தியபடி சொன்னாள்.

“நான் பாத்ரூம்ல வழுக்கி விழல சார்.”