இன்னொரு பொட்டலம்

"மனசப் பத்தித்தான அம்மணி படிக்கறே? அப்பச் சொல்லு. உங்கண்ணன் உள்ளாற இருக்கறானா, இல்லியா?"

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வேங்கடசாமி மாமா லோகப்பிரியாவிடம் இப்படிக் கேட்டார். தத்துவத்தில் எம்.ஏ., கூடவே அறிதிறன் அறிவியல், இப்போது ஹைதராபாத்தில் மூன்றாம் வருட ஆராய்ச்சி. மனம் என்பது என்ன என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அந்தக் கேள்வி சொந்த அண்ணன் கட்டிலருகே வந்து நிற்கும் என்று எந்த வகுப்பிலும் யாரும் எச்சரிக்கவில்லை.

"இல்லீங்க மாமா. மூளை செத்துப்போச்சு. ரெண்டு தடவ சோதிச்சுப் பாத்துட்டாங்க. மூச்சு உடறது மெஷினுதான்."

"நெஞ்சு ஏறி எறங்குது. கையத் தொட்டா சுடுது. செத்தவன் ஒடம்பு சுடுமா? படிச்சுப் படிச்சு உனக்கு ஈரமே வத்திப்போச்சு."

அவிநாசி ரோட்டில் அண்ணன் சபரீஷின் பைக்கை லாரி அடித்து இன்றோடு நான்கு நாள். அப்பா இல்லாத வீடு. அம்மாதான் கையெழுத்துப் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் போட்டால் அவன் ஈரலும் சிறுநீரகங்களும் இன்னும் சிலரைப் பிழைக்க வைக்கும். தள்ளிப்போட்டால் அதுவும் வீணாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"உசுரோட இருக்கற மகன அறுக்கக் குடுத்தாள்னு ஊரே பேசும். நான் ஒத்துக்கவே மாட்டேன்" என்றார் மாமா.

நான்கு நாளாகப் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா மாரியாத்தாள் மெதுவாக நிமிர்ந்தாள்.

"ஏனுங்ண்ணா, நீங்களும் நானும் சொல்றதுக்கு என்னங்க இருக்குது? மாகாளியாத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்துருவோம். ஆத்தா சொன்னா ஒத்துக்குவீங்கல்ல?"

"ஆத்தா சொல்லுக்கு மறுபேச்சு ஏது?"

லோகப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் போனது பரிசோதனையில் தெரிந்தாகிவிட்டது. அதைப் பூவிடம் கேட்பார்களாம். ஆனாலும் காரில் ஏறினாள்.

சூலூர் போகும் வழியில் அம்மா திடீரென்று கேட்டாள். "உன்ற படிப்புத்தான் என்ன கண்ணு?"

"அடுத்தவங்க மனசுல என்ன இருக்குதுன்னு நமக்கு எப்படித் தெரியுதுன்னு ஆராய்ச்சி பண்றேனுங்கம்மா."

"அதுக்கா இத்தன வருசம்? தறிக்குடோன்ல ஒருத்தி பேசறது இன்னொருத்திக்குக் கேக்காது. அத்தன சத்தம். மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவோம்." முப்பது வருடம் தறி ஓட்டியவள் அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் கோயில் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

கோயிலில் இறங்கியதும் அம்மாவே முறையைச் சொன்னாள். "ரெண்டு பொட்டலம். வெள்ளரளி வந்தா அவன உட்டுரலாம். செவ்வரளி வந்தா மெஷினு ஓடட்டும். நீ கட்டிட்டு வா கண்ணு."

"நானா? எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்கம்மா."

"தெரியும். நீயே கட்டு."

பூவை யாரும் பார்க்காமல் கட்ட வேண்டும். லோகப்பிரியா கோயிலுக்குப் பின்னால் போனாள். இரண்டு நிற அரளியும் அங்கேயே பூத்திருந்தன. திரும்பி வந்தபோது ஒரே அளவில் இரண்டு காகிதப் பொட்டலங்கள் அவள் கையில் இருந்தன. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

பூசாரி அவற்றை வாங்கி அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

"அண்ணா, நீங்களே எடுங்க" என்றாள் மாரியாத்தாள்.

மாமாவின் கை இடது பக்கம் போய், தயங்கி, வலது பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தது.

வெள்ளரளி.

"ஆத்தா, இப்படிச் சொல்லிப்போட்டியே!" என்று அந்தப் பெரிய மனிதர் அங்கேயே உட்கார்ந்து கதறினார். அம்மா இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்காமலேயே இடுப்பில் செருகிக்கொண்டாள். லோகப்பிரியா அந்த இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் மாரியாத்தாள் ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு மாமாவே போட்டார். அப்புறம் அம்மா உள்ளே போய் மகனுடைய நெஞ்சின் மேல் கை வைத்து நின்றாள். அது ஏறி இறங்கிக்கொண்டேதான் இருந்தது. நர்ஸ் இரண்டு முறை கூப்பிட்ட பிறகே கையை எடுத்தாள்.

சொந்தக்காரர்களுக்குப் போன் செய்ய மாமா வெளியே போனார். லோகப்பிரியாவால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லோணுங்க."

"ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்."

அம்மா இடுப்பிலிருந்த பொட்டலத்தை எடுத்து மகளின் கையில் வைத்தாள். நூல் முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது.

"மாமன் கண்ணுல படறதுக்குள்ள இதக் கொண்டுபோய்ப் போட்டுரு கண்ணு. இதுலயும் வெள்ளப்பூத்தான் இருக்கும்னு தெரிஞ்சுதான் உன்னையக் கட்டச் சொன்னேன்."