படகைத் திருப்புங்க!

“ஐயோ, திருப்புங்க! படகைத் திருப்புங்க!”

சம்பந்தியம்மா போட்ட கூப்பாட்டில் படகுக்காரரே ஆடிப்போய்விட்டார்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு குடும்பமும் சேர்ந்து கப்பலில் சுற்றுலா வந்த இடம். இன்று கப்பல் நங்கூரம் போட்டதும், சிறுசுகள் இரண்டும் கப்பலிலேயே தங்கிவிட, பெரியவர்கள் நாலு பேரும் கரையோரக் குகைகளைப் பார்க்கச் சின்ன மோட்டார் படகில் கிளம்பியிருந்தார்கள்.

குகையாவது ஒன்றாவது! பெண்ணுக்கு வாய்த்த மாமியார் எப்படிப்பட்டவள் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். டீச்சர் வந்தது அதற்குத்தான்.

பார்த்தாயிற்று!

முதல் குகை வாசலிலேயே, “உள்ள வேணாம், இருட்டா இருக்கு!” என்று ஒரே பிடிவாதம். குட்டித் தீவைச் சுற்றலாம் என்றால், “அலை பெருசா வருது!” என்று அலறல். இப்போது நேராகத் திரும்பியே ஆகணுமாம்.

“என்ன ஆச்சு உனக்கு? நீ போய்…” என்று ஆரம்பித்தார் அவள் புருஷன்.

அந்தம்மா ஒரு பார்வை பார்த்தாள். மனுஷர் கப்சிப்.

‘புருஷனையே இந்த ஆட்டு ஆட்டுறா. என் பொண்ணு என்ன பாடு படப்போறாளோ!’ என்று மனசுக்குள் பொருமினாள் டீச்சர்.

போதாததற்கு, அந்தம்மாவின் கைப்பையை டீச்சரின் புருஷன் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் என்றால் மூட்டை தூக்கவும் ஆளா?

அவரோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். ஏறினதும் படகுக்காரருக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

“திருப்பத்துல ஹாரன் அடிக்கணும் தம்பி. ஆமா, பிரேக் எங்க இருக்கு?”

“படகுக்கு ஏது சார் பிரேக்?”

“ஓ” என்றவர் அதற்கப்புறம் பேசவே இல்லை. பக்கத்தில் இவ்வளவு கூத்து நடந்தும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு பொறுமைசாலி வேறு யாருக்குக் கிடைப்பார் என்று டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

கப்பலுக்குத் திரும்பியதும் அவரை அறையில் விட்டுவிட்டுப் பெண்ணின் அறைக்குப் போனாள்.

“இந்த மாமியார்கிட்ட எப்படிடி காலம் தள்ளப்போறே? ஒரு அலைக்கு அந்தக் கத்து கத்துறா! சரியான பயந்தாங்கொள்ளி!”

“யாரு, அத்தையா?” பெண் சிரித்துவிட்டாள். “அத்தையோட அப்பா கலங்கரை விளக்கத்துல வேலை பார்த்தவரும்மா. தீவுலதான் வீடு. தினமும் பள்ளிக்கூடத்துக்கே அத்தை தானே துடுப்பு போட்டுக்கிட்டுப் போவாங்களாம்.”

“அப்புறம் எதுக்கு அப்படிக் கத்தினா?”

பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

“இதை அப்பாவுக்குக் கொடு. தலைசுத்தலுக்கு. அத்தைதான் இப்ப வந்து கொடுத்துட்டுப் போனாங்க. உங்கிட்ட சொல்ல வேணாம்னாங்க.”

“அவருக்கு எதுக்கு?”

“பிரேக் இல்லைன்னதுமே அப்பாவுக்கு முகம் வெளுத்துப்போச்சாம். அத்தையோட பையைப் பிடிச்சவர் விடவே இல்லையாம். கேட்டா கூச்சப்படுவார்னு அவங்களும் விட்டுட்டாங்க. ‘சம்பந்தி முன்னால பயமா இருக்குன்னு உங்கப்பா சொல்ல மாட்டார்மா. அதான் நான் கத்திட்டேன்’னாங்க.”

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு தங்கள் அறைக்கு வந்தாள்.

மாஸ்டர் கட்டிலில் கால் மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் முகத்துக்குத் திரும்பியிருந்தது.

“பாவம், சம்பந்தியம்மா ரொம்பவே பயந்துட்டாங்க. பக்கத்துல நான் இருந்தேனோ, பிழைச்சாங்க! நாளைக்கு அடுத்த துறைமுகத்துலயும் படகுல போகலாமான்னு சம்பந்தி கேட்டார். தாராளமா போகலாம்னு சொல்லிட்டேன்.”

டீச்சர் தண்ணீரையும் மாத்திரையையும் அவர் கையில் கொடுத்தாள்.

“போகலாங்க. ஆனா சம்பந்தியம்மாவுக்கு இன்னிக்கே தொண்டை கட்டியிருக்கும். நாளைக்கு நான் கத்திக்கறேன்.”