ஜன்னலோர மரம்

"இந்த மரத்தையுமா மேடம்? இது இன்னும் பச்சையாத்தானே நிக்குது!"

கேட்டவர் சரக்குக் கிடங்கின் சூப்பர்வைசர். எந்நேரமும் கையில் டார்ச்சோடு அலைவதால் 'டார்ச் அண்ணன்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தெருவில் மரம் அறுக்கும் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"மேலதான் பச்சை அண்ணே. உள்ள வண்டு குடைஞ்சு தள்ளியிருக்கு. அடியில பாருங்க, புதுத் தூள்."

"தெரியுது மேடம். தூள் புதுசா உதிர்ந்தா உள்ள உயிர் இருக்குன்னு அர்த்தம். நீங்க சொல்லிக்கொடுத்த பாடம்தானே."

வெளிநாட்டுச் சரக்கோடு பூச்சி, புழு எதுவும் நாட்டுக்குள் நுழைந்துவிடாமல் தடுக்கும் அரசு அலுவலகத்தின் அதிகாரி அவள். கிடங்குப் பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் பூச்சி மேடம். அது அவளுக்கும் தெரியும்.

ஒரு காலத்தில் அவளுடைய அலுவலகமும் கிடங்குகளும் எலியும் பூனையுமாக இருந்தவைதான். அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை கன்டெய்னர் வெயிலில் காயும். முதலாளிகள் வயிறெரிந்து சாபம் விடுவார்கள். "அவங்க ஆளுங்களுக்கே பயிற்சி கொடுப்போம் சார். அவங்களே திறந்து பார்க்கட்டும். பூச்சி இருந்தா மூடிட்டு நமக்குச் சொல்லட்டும்" என்று மேலிடத்தில் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவள் அவள். "அவனுங்களை நம்பச் சொல்றியா?" என்று பெரிய அதிகாரி சிரித்தபோது, "நான் பொறுப்பு சார்" என்று வாய்விட்டுச் சொன்னவளும் அவள்தான். முதலில் அனுமதி கிடைத்தது இந்தக் கிடங்குக்கு.

இப்போது, வெளிநாட்டுப் பெட்டிகளின் பலகைக்குள் ஒளிந்துவரும் அந்த வண்டு தெருவுக்கே வந்துவிட்டது. கிடங்கின் அனுமதி ரத்து. தெரு மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

"அவசரத்துல ஏதாவது ஒரு பெட்டிப் பலகையைத் தட்டிப் பார்க்காம விட்டிருப்பீங்களாண்ணே?"

"சத்தியமா இல்ல மேடம். பசங்க அசந்தாலும் நான் அசரமாட்டேன். வீட்டுல கட்டிலுக்கு அடியிலகூட டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் படுக்குறேன்னு என் பொண்டாட்டி ஊர் பூரா சொல்லிச் சிரிக்கிறா."

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

"அப்புறம் எப்படிண்ணே?"

"அதான் மண்டையக் குடையுது. கன்டெய்னர் இறக்குற பக்கத்து மரம் ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி நிக்குது. இந்தப் பக்கம், எங்க சாப்பாட்டு ரூம் ஜன்னலோரமா நிக்கிற இந்த மரத்துலதான் எல்லாம் ஆரம்பிச்சிருக்கு. வண்டுக்கு எங்க சாப்பாட்டு வாசனை பிடிச்சுப்போச்சோ என்னவோ."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்படியோ என் கண்ணுக்குத் தப்பியிருக்கு. வேற என்ன சொல்றது? பசங்க மேல மட்டும் எழுதிடாதீங்க மேடம். இப்பதான் குடும்பம்னு ஆனவனுங்க. யார் பேரையாவது எழுதணும்னா என் பேரையே எழுதுங்க. முதலாளி எப்படியும் நாளையிலேர்ந்து வரவேண்டாம்னுட்டார்."

"உங்க பேரை எழுதினா வேற எந்தக் கிடங்குலயும் சேர்த்துக்கமாட்டாங்களே அண்ணே."

"தெரியும் மேடம். எழுதுங்க."

யாரோ ஒருவர் தவறு செய்தாக வேண்டும். வண்டு வானத்திலிருந்தா குதிக்கும்? அவள் செல்போனை எடுத்தாள். 'சூப்பர்வைசரின் கவனக்குறைவே காரணம்' என்று அடித்து மேலதிகாரிக்கு அனுப்பினாள். அனுப்பிய பிறகும் மனசு ஆறவில்லை.

"உங்களை ரொம்ப நம்பினேண்ணே" என்று சொல்லிவிட்டாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் முகம் ஒரேயடியாகச் சுருங்கிப்போனது. "உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க மேடம்" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "வாங்க, உங்க ஆபீஸ் சாமானையெல்லாம் ஒப்படைச்சிடறேன்" என்று சாப்பாட்டு அறைக்குள் போனார்.

பெஞ்சு, தண்ணீர் டிரம், ஆணியில் தொங்கும் சட்டைகள். பையன்கள் யாரும் இல்லை. அலமாரியிலிருந்து பூதக்கண்ணாடி, கையுறைகள், சீல் வைக்கும் டேப் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாம் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. கடைசியாக, எந்நேரமும் கையில் பிடித்திருந்த அந்த டார்ச்சையும் வைத்தார். வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கையை எடுக்காமல் நின்றார்.

அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே அந்த மரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அட, வாத்தியாரை மறந்துட்டேனே!" என்று ஜன்னல் திட்டிலிருந்து ஒரு மரக்கட்டையை இரண்டு கையாலும் எடுத்தார் டார்ச் அண்ணன். "பசங்க வச்ச பேரு மேடம். தினமும் இதுல இருக்குற ஓட்டையை ஒரு தடவை பார்த்துட்டுத்தான் கன்டெய்னர் பக்கம் போகணும். இது என் சட்டம்."

அவளுக்கும் ஞாபகம் வந்தது. வண்டு போடும் ஓட்டை எப்படி இருக்கும் என்று காட்ட, பறிமுதல் செய்த ஒரு பெட்டியிலிருந்து அறுத்த கட்டை. பயிற்சியன்று ஆபீஸ் அலமாரியிலிருந்து அவசரமாக எடுத்து வந்தாள். பையன்கள் ஆசைப்பட்டுக் கேட்கவும், "வச்சுக்கோங்கப்பா" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

"இன்னும் பத்திரமா வச்சிருக்கீங்களேண்ணே" என்றாள்.

"பின்னே? நீங்க கொடுத்ததாச்சே! வேற யாரையும் தொட விடமாட்டேன், தினம் காலையில நானே துடைச்சு வைப்பேன்" என்றார் டார்ச் அண்ணன். "பழைய கட்டைதானே மேடம், எவ்வளவு துடைச்சாலும் மறுநாள் வந்து பார்த்தா அடியில மறுபடியும் கொஞ்சம் தூள் கொட்டிக் கிடக்கும்."