அட்ரஸ்படிதான் வண்டி போகும்

"பொய் அட்ரஸா கொடுக்கறே?"

டிரான்ஸ்போர்ட் மேனேஜர் பாஸ்கர் மேஜையைத் தட்டிய தட்டில் டீ தளும்பியது. எதிரே ஷ்யாம் தலை குனிந்து நின்றான். கால் சென்டரில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"வீடு ஆகுர்டியிலன்னு எழுதிக் கொடுத்திருக்கே. ஞாயித்துக்கிழமை சிஞ்ச்வட்ல எங்க சித்தி வீட்டுக்குப் போறேன், மாடியிலேர்ந்து நீ லுங்கியோட இறங்கி வர்றே! அவங்க வீட்டுக் குடித்தனக்காரனாமே?"

"ஆமா சார்."

"ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வழியில சிஞ்ச்வட்ல இறங்க வேண்டியவன், ஆகுர்டி வரைக்கும் போயிட்டு, அதே வண்டியில திரும்பி வந்து இறங்கறியாம். டிரைவர்களைக் கேட்டுட்டேன். கம்பெனி வண்டி என்ன, ஊர் சுத்தவா?"



பாஸ்கருக்கு வண்டிகள் என்றால் உயிர். புனேயில் எவர் வண்டி வேண்டுமானாலும் புகை கக்கலாம், அவர் வண்டி கக்காது. டயர் தேய்ந்திருந்தால் சாவியைத் தர மாட்டார். டீசலைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிப்பார். ரூட்டை மாற்றச் சொல்லி யார் வந்தாலும் ஒரே பதில்தான். "அட்ரஸ்படிதான் வண்டி போகும்."

"அந்த வண்டியில ஆகுர்டி வரைக்கும் போறது கிருஷ்ணப்ரியா மட்டும்தான். எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு நினைச்சியா?"

ஷ்யாம் சட்டென்று நிமிர்ந்தான். "சார், அவங்களை இதுல இழுக்காதீங்க. ப்ளீஸ்."

"இழுக்கத்தான் போறேன்."

போன் போட்டதும் கிருஷ்ணப்ரியா வந்துவிட்டாள்.

"ஏம்மா, வண்டியில இவனால உனக்கு ஏதாவது தொந்தரவு உண்டா? பயப்படாம சொல்லு."

"ஷ்யாமாலயா?" அவள் சிரித்துவிட்டாள். "முன் சீட்டுல உட்கார்ந்து டிரைவர்கிட்ட கிரிக்கெட் பேசிட்டே வருவார் சார். என்கிட்ட நாலு வார்த்தை பேசினதில்லை. எங்களுக்கு அடுத்த தெருவுக்குத்தானே இப்போ அவர் வீடு மாறி வந்திருக்கார்? என்னை இறக்கின பிறகுதான் அவர் இறங்குவார்னு தெரிஞ்சதும்தான், வேலையை விட வேண்டாம்னு எங்கப்பா ஒத்துக்கிட்டார்."

அவள் போன பிறகு பாஸ்கரின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் அவனுக்காகத் தயாராக இருந்த மெமோவைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பொய் அட்ரஸ் கொடுத்தா வேலையே போகும், தெரியுமில்ல? ஏன் இப்படிப் பண்ணினே? இப்பவாவது சொல்லு."

ஷ்யாம் அவர் தலைக்கு மேலே சுவரைக் காட்டினான். வண்டியில் கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் ஒரு நோட்டீஸ். கீழே பாஸ்கரின் கையெழுத்து.

"சிஞ்ச்வட்ல நான் இறங்கிட்டா, அப்புறம் வண்டியில அவங்க மட்டும்தான் சார். டிரைவரும் தினம் ஒரு புது ஆள். எங்க ரூட்டை மாத்துங்கன்னு உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கலை. அட்ரஸ்படிதான் வண்டி போகும்னுட்டீங்க."

மெமோவில் கையெழுத்துப் போட எடுத்த பேனா பாஸ்கரின் கையிலேயே நின்றது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அதான் சார், என் அட்ரஸை மாத்திக்கிட்டேன்."