வசனமில்லாத பக்கம்

பென்சிலைக் கையில் பிடித்தபடி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயில். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு சிறுமி. அந்தப் பக்கம் அவளுடைய அப்பா. கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் தலைக்கு மேலும் ஆளுக்கொரு வட்டம். உள்ளே வசனம் இல்லை.

கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் பதினோரு பிள்ளைகள் படக்கதை வாசிக்கக் கூடுவார்கள். பென்சிலோடு உட்கார்ந்திருந்த அவள்தான் புதியவள்.

அம்மா இறந்த வாரமே போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிப் போனது. அதிலிருந்து அம்மாவின் தங்கையான சித்தி வீடு, வேறு ஊர். யாராவது கேட்டால் அப்பா சூரத்தில் வேலை செய்கிறார். சித்தி அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள்.

நூலகர் எஸ்தர் அந்தப் பக்கத்தை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். அப்பாவும் மகளும் என்ன பேசியிருப்பார்கள்? வட்டத்துக்குள் எழுத வேண்டும்.

தர்ஷன் முதலில் முடித்தான். எழுந்து நின்று வாசித்தான்.

"அப்பா, இங்க பிரியாணி போடுறாங்களா? ஞாயித்துக்கிழமை மட்டும் மகளே."

எல்லோரும் சிரித்தார்கள்.

எஸ்தர் அவளுடைய தாளை எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் எழுதலையாம்மா?"

"எழுத வேணாம் மிஸ். அங்க பேசுறது கேக்காது."

"ஏன் கேக்காது?" என்றான் தர்ஷன்.

"நடுவுல ரெண்டு கம்பி வலை இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. கையெல்லாம் பிடிக்க முடியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சூரத் நாக்கு நுனி வரை வந்தது.

எஸ்தர் பேச்சை மாற்ற வாயெடுத்தார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா அங்கதான் இருக்காரு."

மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடத்தன. தர்ஷன் உட்கார்ந்தான். தன் தாளைக் கவிழ்த்து வைத்தான். கேலி இல்லாமல், மெதுவாகக் கேட்டான்.

"அவரு ஒண்ணுமே சொல்லலையா?"

சொன்னார்.

சித்தி வலையோடு காதை ஒட்டி நின்றாள், அவள் சித்திக்குப் பின்னால். வலைக்கு அப்பால் அப்பாவின் உதடுகள் அசைந்தன. ஏதோ கேட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாம் முறை கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் யாருடைய கைக்குழந்தையோ வீறிட்டது. அவர் அவளையே பார்த்தபடி நின்றார்.

அவள் தலையாட்டினாள்.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். காவலர் தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

எதற்குத் தலையாட்டினோம் என்று அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு அப்பாவைப் பார்க்கப் போக சித்தி இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள்.

"ஏதோ கேட்டாரு," என்றாள். "சரின்னுட்டேன்."

எஸ்தர் நாற்காலியிலிருந்து இறங்கி அவளருகே தரையில் உட்கார்ந்தார். அவள் முதுகில் கை வைத்தார். கூட்டம் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் அம்மாக்கள் வந்து நின்றார்கள். சித்தியும் குடையோடு நின்றாள்.

"சித்தி, அடுத்த வாரம் அப்பாவைப் பாக்க நானும் வர்றேன்."

சித்தி சட்டென்று சுற்றிலும் பார்த்தாள். பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. அவள் கையைப் பிடித்து வேகமாகப் படியிறக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தாள்.

"இப்ப என்ன திடீர்னு?"

"அன்னைக்கு அவரு கேட்டது எனக்குக் கேக்கவே இல்ல சித்தி. சும்மா தலையாட்டிட்டேன்."

சித்தி நின்றுவிட்டாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. குடையை விரிக்க மறந்து அப்படியே நின்றாள்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றாள். "நீ தெரிஞ்சுதான் தலையாட்டினேன்னு நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி உன்மேல எனக்கு அவ்வளவு கோவம். செத்தது எங்கக்கா இல்லையா?"

"என்ன கேட்டாரு?"

சித்தி புடவைத் தலைப்பால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"அவரே கேக்கட்டும். நீ யோசிச்சு சொல்லு."