கடிகாரத்துத் தாத்தா

“தாடையைப் பாருங்க சார். அப்படியே என் தாடை,” என்று அக்கா முகத்தை நீட்டினாள்.

“தாடை மட்டும் போதுமா? கிருதாவைப் பாருங்க,” என்று தம்பி திரும்பிக் காட்டினான்.

விலை மதிப்புச் சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி வந்த கடிகார நிபுணர் பாவம், விழித்தார். இங்கே ஜாடை பார்க்கச் சொல்கிறார்கள்.

அபூர்வமான கைக்கடிகாரம்தான். கூட்டை விரலால் தள்ளினால் புரண்டுகொள்ளும். கண்ணாடி உள்ளே போய் எஃகு முதுகு வெளியே வரும். அந்த முதுகில் ஒரு முகம் செதுக்கியிருந்தது. துடைத்துத் துடைத்தே பாதி தேய்ந்துபோன முகம்.

“எங்கப்பா பந்தாட்டக்காரர். பந்து பட்டுக் கண்ணாடி உடையக் கூடாதுன்னு ஆட்டக்காரங்களுக்காகவே அந்தக் காலத்துல செஞ்சது,” என்றார் அந்த இருவரையும் பெற்ற வீட்டுப் பெரியவர். “நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஆட்டத்தை விட்டுட்டாரு. பின்னால இருக்கிறது எங்க தாத்தா.”

“தாத்தான்னு அவரே சொன்னாரா?”

“சொல்லணுமா? யாருன்னு கேட்டாலே அவருக்குத் தொண்டை அடைச்சிடும். பெத்த தகப்பனுக்கில்லாம வேற யாருக்கு சார் அப்படி அழுவாங்க?”

மூன்று பிள்ளைகளில் இவர் கையில்தான் அப்பா கடிகாரத்தைக் கட்டினாராம்.

“என் மூஞ்சியில அந்த ஜாடை. மத்தவங்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டாரு. என்னை மட்டும் கூப்பிட்டுக் கழுத்தைத் தட்டிக் குடுப்பாரு. உள்ளங்கையில சர்க்கரைக் கட்டி வச்சு நீட்டுவாரு, நான் வாயாலயே எடுத்துக்கணும். அவ்வளவு பாசம்.” பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நானும் ஜாடை உள்ள பிள்ளைக்குத்தான் குடுப்பேன்.”

அதற்காகத்தான் தம்பி மாதக்கணக்காகக் கிருதா வளர்த்திருந்தான். எடுப்பான முன்பல்லைச் சரிசெய்ய இருந்த அக்கா, அதை ஒத்திப்போட்டிருந்தாள்.

நிபுணர் விளக்கைக் கிட்டே இழுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

“யாருக்கு சார் ஜாடை? மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

“மூணு பேருக்குமே இருக்குங்க. அதான் சொல்லப் பயமா இருக்கு.”

“இதுல பயமென்ன?”

“ஐயா, உங்கப்பா ஆடினது தரையில ஓடி ஆடற ஆட்டம் இல்லீங்க. கிருதான்னு நினைச்சுட்டிருக்கீங்களே, அது கடிவாளம்.”

அக்கா நீட்டிய தாடையை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். “தம்பியே வச்சுக்கட்டும்ப்பா,” என்றாள்.

பெரியவருக்கு அது காதில் விழவில்லை. அவர் கை தானாகக் கழுத்துக்குப் போயிருந்தது.

“அப்ப,” என்றார் கடைசியில், “அந்தச் சர்க்கரைக் கட்டியெல்லாம் எனக்கு இல்லையா?”