இரண்டு தாழ்ப்பாள்கள்

மகளுக்குத் தெரியாமல் கல்லூரி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது வானொலி அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். தலையைச் சுற்றி ஒரு சால்வை வேறு.

யாருக்கும் அடையாளம் தெரியாது என்பது அவள் நினைப்பு. அந்த நடையைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

வானொலி என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

மகள் வேதியியல் படிக்கிறாள் என்பதைப் பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை சொல்லியாயிற்று. துணைப்பாடமாக அருங்காட்சியகப் பணி எடுத்திருக்கிறாள் என்பதை மட்டும் மூச்சுவிடவில்லை. அக்காவின் வாய்க்குள்ளேயே தங்கிவிட்ட ஒரே செய்தி அதுதான்.

"பழைய சாமானைத் தூசி தட்டறதுக்கு ஒரு படிப்பாடி?" என்று வீட்டில் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் மகள் பட்டென்று சொல்லிவிட்டாள். "சரிம்மா. பரீட்சையில என் பெட்டி முன்னால ஒருத்தர்கூட நிக்கலைன்னா இதை விட்டுட்டுப் புள்ளியியல் எடுத்துக்கறேன். போதுமா?"

போதும்தான். ஆனால் அதற்கப்புறம் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் குளிக்கும்போது பாட ஆரம்பித்ததே இந்தப் படிப்பு வந்த பிறகுதான். புள்ளியியல் படித்துக்கொண்டு யார் பாடுவார்கள்?

பரீட்சை இதுதான். ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரு வீட்டுச் சாமான், பக்கத்தில் நாலு வரிக் குறிப்பு. வருகிறவர்கள் எந்தப் பெட்டியின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று மூலையில் உட்கார்ந்து ஒரு மாணவி குறித்துக்கொள்வாள்.

பெட்டி வைத்தவர்கள் மாடியிலேயே இருக்க வேண்டும். வீட்டார் அந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது. தெரிந்தவர்கள் நின்றால் அது பார்வை இல்லை, பாசம் என்று பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

வரக்கூடாது என்றால் அக்காவுக்குக் கால் தரையில் நிற்குமா?

உள்ளே கூட்டம் இருந்தது. ஆனால் ஒரு தினுசான கூட்டம்.

அந்த வெயிலிலும் மஃப்ளர் சுற்றிய ஒருவர் ஓடாத கடிகாரத்தின் முன்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள் கரி போடும் இஸ்திரிப்பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, மூலைக்குக் கேட்கும்படி "ஆகா" என்றாள். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பல் போன சீப்பை விட்டு நகர்வதாகவே இல்லை.

சீப்பில் என்ன கொட்டிக் கிடக்கிறது? ரசனை கெட்ட ஜனங்கள்.

மகளின் பெட்டி முன்னால் ஈ காக்கை இல்லை.

அக்கா விடுவாளா? அந்நிய முகம் ஒன்றை வரவழைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

உள்ளே இரண்டு தாழ்ப்பாள்கள். நேரம் போக வேண்டுமே என்று குறிப்பைப் படித்தாள்.

'இவை ஒரே வாசற்கதவின் இரண்டு பக்கங்களிலிருந்து கழற்றியவை. உள்பக்கத் தாழ்ப்பாள் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்கத்தில் முதலில் அடித்த பெயிண்ட்கூடப் போகவில்லை. இந்த வீட்டை யாரும் பூட்டிக்கொண்டு வெளியே போனதே இல்லை. உள்ளே எப்போதும் இருந்தது யார்?'

நடிக்க வந்தவளுக்கு நடிப்பு மறந்துவிட்டது.

"அடப்பாவமே! ஒரு கல்யாணம் காட்சிக்குக்கூடவா குடும்பமா வெளிய போகல?"

குரல் என்னவோ வானொலிதான். அறையே திரும்பிப் பார்த்தது.

மஃப்ளர்காரர் முதலில் வந்து படித்தார். "யாரோ படுத்த படுக்கையா இருந்திருக்காங்க," என்றார்.

"ஏன், மருமகளா இருக்கக் கூடாதா? வெளிய விட்டிருக்க மாட்டாங்க," என்று வந்து சேர்ந்தாள் இஸ்திரிப்பெட்டி அம்மாள்.

"வீட்டுலயே நிம்மதியா இருந்த ஆளாக்கூட இருக்கலாம்," என்றார் சீப்புப் புருஷன்.

"உங்களை யாரும் கேக்கல," என்றாள் அவர் பெண்டாட்டி.

முன்பின் தெரியாத ஒரு வீட்டின் வம்பை எல்லோருமாகச் சேர்ந்து பிரித்து மேய்ந்தார்கள். நாலே வரியில் இத்தனை பேருக்கு வம்புக்கு இடம் வைத்திருக்கிறாளே! யார் பெற்ற பெண்!

தன்னைக் கணக்கில் சேர்க்கக் கூடாதுதான். ஆனால் மற்றவர்கள் அத்தனை பேரும் அந்நியர்கள். பரம திருப்தியோடு அக்கா நைசாக நழுவி, வராந்தாவில் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அப்போதுதான் மூலையில் இருந்த மாணவி தாளோடு வெளியே ஓடிவந்தாள். எதிரே வந்த பேராசிரியை தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"கிழிச்சுப் போட்டுடும்மா. முதல் நாள் பூரா வீட்டாளுங்கதான். வராதீங்கன்னு சொன்னாத்தான் எல்லாரும் தவறாம வர்றாங்க. நாளைக்குத்தான் நிஜக் கணக்கு."

அக்காவுக்குப் புரையேறியது.

மெல்ல வாசல் வரை வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

தாழ்ப்பாள்களின் முன்னால் வாதம் இன்னும் முடியவில்லை. பேச்சுச் சூட்டில் அந்த மனிதர் மஃப்ளரையே அவிழ்த்து அக்குளில் இடுக்கியிருந்தார். இஸ்திரிப்பெட்டி அம்மாள் அவரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.

கடிகாரமும் இஸ்திரிப்பெட்டியும் சீப்பும் பெற்றவர்கள் துணையில்லாமல் தனியாக நின்றன.